முழங்காலை விட்டு நகராத கால்சட்டை

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் வீடு. நான் படிப்பிக்கும் பாடசாலை தலவாக்கலையைத் தாண்டி இருக்கிறது. விடிய ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஹட்டன், கொட்டகலை வழியாக, டெவன், சென்கிளேயர் அருவிகள் விழுகிற பக்கத்து வளைவுகளைக் கடந்து, ஏழரை மணிக்கு முன் போய்விடலாம். பின்னேரம் அதே பாதையில் திரும்புவேன். பத்து வருடமாக இப்படித்தான்.

2019 ஜூன் மாதம் கொட்டகலைக்குக் கிட்ட விழுந்தேன். ஒரு தோட்டத்து கேட்டுக்கு முன்னால், லொறி டயரில் ஒட்டி வந்த சேறு தார் ரோட்டில் வரி வரியாகக் கிடந்தது. மழைத் தூறல். வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. முன் சக்கரம் இடது பக்கம் போனது, நானும் இடது பக்கம் போனேன். வழுக்கிய தூரம் இரண்டு லயக் காம்பிராவின் நீளம்தான். உடுத்தியிருந்தது மெல்லிய லெகிங். முழங்கால் முதலில் தார் ரோட்டில் மோதியது, அப்புறம் அதே முழங்கால் தேய்ந்துகொண்டே போனது. வார்டில் ஒரு தாதி மிஸ் உப்புத்தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் கல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்பது தையல். அதற்குப் பிறகு நாலு மாதம் என்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. கோவிலில்கூட நின்றுகொண்டேதான் கும்பிட்டேன்.

ஹெல்மட் போடாமல் போனால் பொலிஸ் பிடிக்கும், அதனால் எல்லோரும் போடுகிறோம். காலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. "நம்ம ரோட்டில என்ன வேகமா போகப்போறோம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. முப்பது கிலோமீற்றர் வேகத்தில் விழுந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முழங்கால் சில்லுக்கு முப்பது போதும்.

என் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொள்ளாமல் மலைக்கு ஏறியதில்லை. ஈரச் செடி காலை அறுக்கும், கவ்வாத்து வெட்டிய குச்சி தொடையில் குத்தும் என்பது அவருக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பாதையில் கால் எதில் படுமோ அதற்கு ஏற்ற மாதிரி உடுத்த வேண்டும் என்பதை நான் அம்மாவிடம்தான் படித்திருக்க வேண்டும். விழுந்த பிறகுதான் படித்தேன்.

சரி, ஸ்கூட்டியில் போட ஒரு பாதுகாப்புக் கால்சட்டை வாங்கக் கடைக்குப் போவோம்.

முதலில் உள்பக்கத்து லேபலைத் திருப்பிப் பாருங்கள். "ரைடிங் பேண்ட்" என்று வெளியே பெரிதாக எழுதியிருப்பதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. உள்ளே ஈஎன் 17092 என்ற எண் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் உடுப்புக்கான ஐரோப்பியத் தரம் அது. எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு இலக்கம் வரும். 2 என்றால் ஏஏஏ வகுப்பு, 3 என்றால் ஏஏ, 4 என்றால் ஏ. தேய்மானச் சோதனையில் அதிகம் அடிபடும் இடங்களை ஏ வகுப்புக்கு மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் விழுவதற்கு ஈடாகவும், ஏஏ வகுப்புக்கு 70, ஏஏஏ வகுப்புக்கு 120 என்ற கணக்கிலும் தேய்த்துப் பார்ப்பார்கள். 5 என்றிருந்தால் பி வகுப்பு. துணி தாங்கும், ஆனால் மோதலைத் தாங்கும் பட்டை இருக்காது. 6 என்றால் சி வகுப்பு. அதில் பட்டை மட்டும்தான், துணி தேய்மானத்துக்கு நிற்காது.

நான் ஏஏ எடுத்தேன். நம் வளைவுகளில் ஏ வகுப்பே பெரும்பாலும் போதும், ஆனால் எதிரே வருகிற பஸ்ஸின் வேகத்தை நான் தீர்மானிப்பதில்லை. ஏஏஏ பாரமானது, தடித்தது. அதைப் போட்டுக்கொண்டு தினமும் பாடசாலைக்குப் போக முடியாது. மூன்றாம் நாள் அது அலுமாரியில் தொங்கும். அலுமாரியில் தொங்குகிற ஏஏஏயைவிடக் காலில் இருக்கிற ஏ பல மடங்கு நல்லது.

துணியைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண டெனிம் ஜீன்ஸ் தடிப்பாகத் தெரியும், பார்க்க நம்பிக்கை வரும், ஆனால் பருத்தி தார் ரோட்டில் நின்று பிடிக்காது. அதற்குள்ளே அரமிட் வைத்துத் தைத்த ஜீன்ஸ் உண்டு. கெவ்லார் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த நார் அந்த வகைதான். 1965 இல் அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் இரசாயனவியலாளர். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அரமிட் வைத்த ஜீன்ஸ் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, உள்பக்கத்தை வெளியே புரட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறத்து உள்துணி முழங்காலில் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு என்று மட்டும் இருந்தால், இடுப்பின் வெளிப்பக்கம் வெறும் டெனிம்தான் என்று அர்த்தம். ஸ்கூட்டியிலிருந்து சரிந்து விழுகிறவர்கள் அந்த வெளி இடுப்பில்தான் விழுவார்கள். உள்துணி அங்கேயும் வந்து, தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வரை போக வேண்டும்.

வெளித்துணியிலேயே வலுவான நாரைச் சேர்த்து ஒற்றைப் படையாக நெய்த ஜீன்ஸும் வருகிறது. பாரம் குறைவு, கொஞ்சம் சீக்கிரம் காயும், விலை கூட. கோர்டுரா போன்ற தடித்த நைலோன் கால்சட்டைகள் ஈரத்தைக் குறைவாகத்தான் குடிக்கும், செடியில் மாட்டினாலும் இலேசில் கிழியாது. தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் போகிறவர்கள், கவ்வாத்து மலை ஓரமாக ஓட்டுகிறவர்கள், அதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே தார் ரோட்டில் தேய்வதைவிட வெட்டிய குச்சியிலும் கானின் கொங்கிரீட் விளிம்பிலும் போய் விழுவதுதான் அதிகம்.

தையலைக் கவனியுங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் விட்டால் உள்ளே தோல்தான். பின்பக்கத்துத் தையலையும் உள்தொடைத் தையலையும் இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். நூலுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரட்டைத் தையலோ மூன்று தையலோ இருப்பது நல்லது.

இனி முழங்கால். இதற்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

மோதலைத் தாங்குகிற பட்டையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதிலேயே ஈஎன் 1621-1 என்றும், பைக்கில் ஒருவர் போகிற படமும், 1 அல்லது 2 என்ற மட்டமும் அச்சிட்டிருக்கும். மட்டம் 1 பட்டை, சோதனையில் அடிக்கிற அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டன் விசை வரை உள்ளே விடலாம். மட்டம் 2 பட்டை 20 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. வித்தியாசத்தை எலும்பில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மட்டம் 2 வாங்குங்கள். கால்சட்டையோடு மட்டம் 1 வந்தால், பட்டையை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். ஆனால் பட்டையைச் செருகுகிற உள்பையின் அளவை அளந்துகொண்டு போங்கள். அதோடு ஏ, பி என்று அளவு வகையும் இருக்கும். இது உடுப்பின் வகுப்பு எழுத்து இல்லை. ஏ வகை சின்னது, பி வகை முழு அளவு. சின்ன உடம்புக்காரப் பெண்களுக்கு ஏ வகையைத் தந்துவிடுவார்கள். பி வகை உங்கள் பைக்குள் போகுமானால் அதையே எடுங்கள்.

இடுப்பின் வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் பட்டைக்கான பை மட்டும் இருக்கும், பட்டை இருக்காது. ஏ, ஏஏ இரண்டிலும் அப்படி விற்க அனுமதி உண்டு. கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஆனால் மட்டம் 2 வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்த எனக்கு ஒரு நாள் வீட்டில்தான் உண்மை தெரிந்தது. கண்ணாடி முன் நேராக நிற்கும்போது பட்டை சரியாக முழங்காலில் இருந்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் கால்சட்டை மேலே ஏறி, பட்டை தொடையின் கீழ்ப் பாகத்தில் போய் நின்றது. முழங்கால் சில்லுக்கு முன்னால் வெறும் துணி. அது ஆண்களுக்கு வெட்டிய கால்சட்டை. இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையில் என் நீளம் வேறு, அதன் நீளம் வேறு.

ஆகவே கடையில் நின்று பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். கடை ரோட்டோரமாக இருந்தால் உங்கள் வண்டியிலேயே உட்காருங்கள், இல்லையென்றால் ஒரு கதிரை போதும். ஸ்கூட்டியில் பாதம் பலகையில் தட்டையாக இருக்கும், முழங்கால் நன்றாக மடங்கும். கியர் பைக் ஓட்டுகிறவர்கள் கால் அகட்டி, டேங்க்கைப் பிடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். அப்படியே இருந்துகொண்டு விரலால் முழங்கால் சில்லைத் தேடுங்கள். பட்டையின் மேல்பாதிக்குள் சில்லு அடங்கி, மீதி முன்னங்காலில் இறங்க வேண்டும். அடுத்து, பட்டையைக் கையால் பிடித்து வெளிப்பக்கமாகத் திருகுங்கள். இரண்டு விரல் பலத்துக்கே அது சில்லை விட்டுப் பக்கத்துக்குப் போனால், அதை நகர்த்துவது ரோட்டுக்கு ஒரு வேலையே இல்லை. கால்சட்டை முழங்கால் பக்கத்தில் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு அளவு குறைத்துப் பாருங்கள்.

குளிர் காலத்துக்கு உள்ளே இன்னொன்று போடுவீர்கள் என்றால் அதையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். தை மாதத்து விடியலில் நானுஓயாப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், முழங்கால் விறைத்தால் பிரேக் பிடிக்கிற நிதானமும் போய்விடும். மெல்லிய கம்பளி இன்னர் ஒன்று போதும். மென்மையான சில பட்டைகள் அந்தக் குளிரில் இறுகிப் பலகை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், உடம்புச் சூட்டில் இளகிவிடும்.

அந்த ஆண்கள் கால்சட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஹட்டன் பஜாரில் எனக்குச் சேலை ஜாக்கெட் தைக்கிற டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தப் பையைக் கழட்டி இறக்கிடலாம். ஆனா நீங்க நின்னா அளக்க மாட்டேன், ஸ்டூல்ல உக்காருங்க" என்றார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. உட்கார வைத்து, சில்லு இருந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். உள்பை நாலு சென்ரிமீற்றர் கீழே வந்தது. இடுப்பையும் பின்பக்கம் பிடித்துத் தந்தார்.

டெய்லரிடம் கொடுக்கும்போது இரண்டு விசயம் சொல்லிவிடுங்கள். வெளித்துணியின் பாதுகாப்புத் தையல்களைப் பிரிக்கக் கூடாது, உள்பையை மட்டும் நகர்த்தினால் போதும். நீளம் குறைப்பதென்றால் கீழ் விளிம்பில் மட்டும். அதையும் உட்கார்ந்து அளந்துதான் வெட்ட வேண்டும். உட்காரும்போது கணுக்கால் எலும்பு மூட வேண்டும், நிற்கும்போது கொஞ்சம் நீளமாகத் தெரிந்தால் பரவாயில்லை.

எங்கள் தொழிலில் சேலை ஒரு பெரிய கேள்வி. சேலையோடு ஸ்கூட்டி ஓட்டுகிற டீச்சர்மாரைத் தினமும் பார்க்கிறேன், முந்தானை பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடும்போது எனக்கு வயிறு கலங்கும். நான் செய்வது இதுதான். இரண்டு சேலையும் பாவாடையும் பாடசாலை அலுமாரியிலேயே இருக்கின்றன. சேலை ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டு, மேலே ரைடிங் ஜாக்கெட். கீழே மெல்லிய இன்னர், அதன்மேல் கால்சட்டை. போனதும் பாவாடையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, உள்ளே கால்சட்டையைக் கழற்றிவிடுவேன். சேலை உடுத்தி முடிக்க ஏழு நிமிடம். இதற்காகவே கீழே கணுக்காலில் சிப் உள்ள கால்சட்டையைத் தேடுங்கள். சப்பாத்தைக் கழற்றாமல் இழுத்து எடுக்கலாம். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது எங்கள் பாடசாலையில் மூன்று பேர் இப்படித்தான் வருகிறோம்.

மழை. மே தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் நம் பக்கத்தில் மழையைக் கணக்கில் எடுக்காமல் எதையும் வாங்க முடியாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. தண்ணீர் புகாத உள்படை வைத்த கால்சட்டையைப் பெருமையாகக் காட்டுவார்கள். அந்தப் படை உள்ளே இருக்கிறது, வெளித்துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கால் நனையாது, ஆனால் பாரமாகிக் குளிரும். ஜூலை மாதத்தில் அதைக் காய வைக்க நம் வீடுகளில் வழி இல்லை. வெளித்துணியோடு ஒட்டிய படை நல்லது, அதன் விலை எனக்கு எட்டவில்லை. என் முடிவு, சாதாரணப் பாதுகாப்புக் கால்சட்டை ஒன்று, அதன்மேல் போட மழைக் கால்சட்டை ஒன்று.

மழைக் கால்சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள், முழங்கால் பட்டைக்கு மேலே அது போக வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள் போல பளிச்சென்ற நிறமும், ஒளி தெறிக்கிற பட்டியும் இருக்கட்டும். சென்கிளேயர் வளைவில் மூட்டம் இறங்கினால் முன்னால் போகிற லொறியே தெரியாது. கவட்டையில் நடுத்தையல் இல்லாததாகப் பாருங்கள். உட்காரும்போது தண்ணீர் அங்கேதான் குளம் கட்டும், தையல் வழியாக உள்ளே வரும். வாங்கியதும் என் தம்பியைப் பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்து மடியில் ஊற்றச் சொல்லி ஐந்து நிமிடம் இருந்தேன். முதலில் வாங்கியது அந்தச் சோதனையில் தோற்றது, கடையில் மாற்றிக்கொண்டேன். வலது கால் சைலன்சரில் படாமல் இருக்கக் கீழே இறுக்குகிற பட்டி வேண்டும். மழைத்துணி சூட்டில் ஒட்டி உருகிவிடும்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். என் கால்சட்டைக்கு 38,000 ரூபா கொடுத்தேன், சீட்டுக் காசு விழுந்த மாதத்தில். ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அவ்வளவு முடியாவிட்டால் அதே ஈஎன் 1621-1 எண் உள்ள, கட்டிக்கொள்கிற முழங்கால் கவசம் ஒன்றை வாங்கித் தடித்த டெனிமுக்கு உள்ளே போடுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பட்டியைத்தான் நன்றாக இறுக்க வேண்டும், அது தளர்ந்தால் கவசம் சுழலும். தோல் தேய்வதை இது தடுக்காது. சில்லைக் காப்பாற்றும். விளையாட்டுக்கு விற்கிற பஞ்சு வைத்த உறைகளை இதற்குப் பதிலாக வாங்க வேண்டாம்.

பழைய உடுப்புக் கடைகளிலும் சில நேரம் நல்ல ரைடிங் கால்சட்டை வந்து விழும். வெளி இடுப்பிலும் முழங்காலிலும் துணி மினுமினுப்பாகவோ நார் எழும்பியோ இருந்தால், அது ஏற்கனவே ஒருவரை ரோட்டில் காப்பாற்றிவிட்டது. அதை எடுக்காதீர்கள். பட்டையை அழுத்தும்போது பொரபொரவென்று உதிர்ந்தாலும் அப்படியே. பட்டையைப் புதிதாக மாற்றலாம், தேய்ந்த துணியை மாற்ற முடியாது.

கழுவும்போது பட்டைகளை எடுத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சாதாரணச் சவர்க்காரம். குளோரின் போடாதீர்கள், அரமிட்டின் பலம் போகும். நீண்ட வெயிலும் அந்த நாருக்கு ஆகாது, அதனால் உள்பக்கத்தை வெளியே புரட்டி நிழலில் போடுங்கள். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் மட்டும் போட வேண்டாம், சில நார்கள் அந்தச் சூட்டுக்குச் சுருங்கும். நான் நடுவீட்டில், ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் கயிறு கட்டியிருக்கிறேன். மழை நாளில் அம்மா அதன் கீழே பழைய சாக்கு ஒன்றை விரித்துவிடுவார். காலையில் கயிற்றிலிருந்து எடுத்ததும் பட்டைகளை உள்ளே செருகி, கீழ்விளிம்பு பையின் அடிவரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். அவசரத்தில் ஒரு தடவை தலைகீழாகச் செருகிக்கொண்டு ஹட்டன் வரை போயிருக்கிறேன்.